ஜோடித் தப்பு

"இதைப் பாருங்க தம்பி. இன்னைக்கும் எழுதிட்டாங்க."

ஐஸ் கம்பெனி அம்மா புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார். கொழுந்தன் குனிந்து பார்த்தான். நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்த ஜோக் அப்படியே தொண்டைக்குள் திரும்பிப் போயிற்று.

கல்லூரி முதலாண்டுக் கணக்குப்பதிவியல் பாடப்புத்தகம். தேய்மானம் என்ற பாடத்தின் கடைசிப் பக்கம். வாங்கிய பொருள் உழைக்க உழைக்க அதன் மதிப்பு எப்படிக் குறைகிறது என்று சொல்லித்தரும் பாடம் அது. பயிற்சியில், 'கீழ்க்காணும் இயந்திரத்தின் எஞ்சிய ஆயுளைக் கணக்கிடுக' என்று அச்சாகியிருந்தது. யாரோ முதல் இரண்டு வார்த்தைகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, மேலே அச்செழுத்து மாதிரியே பொறுமையாக எழுதியிருந்தார்கள்: 'ஐஸ் கம்பெனி அம்மாவின்.'

"டீ குடிக்கப் போகும்போது இது இல்லையே?"

"இல்ல. எப்பவும் இப்படித்தான். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா எழுதியிருக்கும். போன தடவை, 'வியாபாரி சரக்கு வாங்கினார்'ங்கிறதை 'வியாபாரி செத்துப்போனார்'னு மாத்தியிருந்தாங்க. அடுத்தது நான்தான் போல."

கடை கண்ணி வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தக் கல்லூரி நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அது. மாணவர்கள் மொத்தமே ஐந்து பேர். ஐஸ் கம்பெனி அம்மா, தையல்கடை அக்கா, ஒரு டாக்ஸி டிரைவர், செடி வளர்த்து விற்கும் நர்சரி அய்யா. ஐந்தாவது ஆள் நம் கொழுந்தன். அவன் படிக்க வந்தவன் இல்லை. அவனுடைய அண்ணி துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். இந்த மிரட்டல்களைப் பற்றி ஐஸ் கம்பெனி அம்மா அவளிடம்தான் போய்ச் சொன்னார். "நீ போய் உட்காரு. எனக்கு விசாரணை பண்ற மூஞ்சி, பார்த்தவுடனே தெரிஞ்சுடும். உனக்கு ஃபெயிலான மூஞ்சி, ஒருத்தருக்கும் சந்தேகம் வராது" என்று சொல்லி அவள்தான் அனுப்பிவைத்தாள். அவளுக்குக் கொழுந்தன் என்றால் ஊருக்கே கொழுந்தன் என்று ஆகிப்போனவன் அவன்.

ஐஸ் கம்பெனி அம்மாவின் கணவர், கம்பெனியில் குளிரூட்டும் இயந்திரத்தின் கேஸ் டேங்க் வெடித்து இறந்துபோனார். இரவில் தனியாக இருந்தார். விசாரித்த அதிகாரிகள் கணக்கைப் பார்த்தார்கள். இயந்திரம் புத்தம் புதுசு என்று எழுதியிருந்தது. புதுசு தானாக வெடிக்காது, ஆள்தான் தூங்கிப் போயிருக்க வேண்டும் என்று 'உரிமையாளரின் கவனக்குறைவு' என எழுதிக் கதையை முடித்தார்கள். கணக்கு எழுதியவன் அதோடு ஆள் அட்ரஸ் இல்லாமல் போய்விட்டான். அவன் கம்பெனிக்கு எப்போதாவது வந்து நோட்டை வாங்கிப்போய் வெளியே வைத்தே எழுதிக் கொடுத்தவன், அந்த அம்மா அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"பயமா இருந்தா வகுப்பை விட்டுடுங்கம்மா" என்றான் கொழுந்தன், மெதுவாக.

"விட்டுட்டு? என் பொண்ணு கேக்கிறா தம்பி. 'அப்பா தூங்கிட்டாராம்மா'ன்னு. ஸ்கூல்ல யாரோ சொன்னாங்களாம். நான் என்ன பதில் சொல்றது? பாஸ் பண்றதுக்கா நான் படிக்கிறேன்? அவர் எப்படிச் செத்தார்னு எனக்குத் தெரியணும். அந்த மெஷின் புதுசா பழசான்னு அந்தக் கணக்குல நானே கண்டுபிடிக்கணும். அது போதும் எனக்கு."

கதவருகே காலடிச் சத்தம் கேட்டது. நர்சரி அய்யா இரண்டு டீயைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, மறுபடியுமா? எந்தப் பாவி வேலை இது! நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. வகுப்பு முடிஞ்சதும் நானே கார்ல கொண்டுபோய் விட்டுடறேன்."

வகுப்பிலேயே நல்ல மனுஷர் அவர்தான், வகுப்பிலேயே மக்கும் அவர்தான். கடைசி இடத்துக்குத் தனக்குத் துணை கிடைத்ததே என்று கொழுந்தனுக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம். அவன் கண்ணெல்லாம் பின்பெஞ்சில் இருந்தது. டாக்ஸி டிரைவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இந்தப் பக்கமே முறைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. ஆளில்லாத கல்லூரியில் அந்த மணிச் சத்தம் நடைபாதை முழுக்க ஓடித் திரும்பி வந்தது. வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்ததால் விரிவுரையாளர் பகலிலேயே விளக்கைப் போட்டார். போன வாரத் தேர்வுத்தாள்களை எடுத்தார். கோபக்காரர் இல்லை, நொந்துபோனவர்.

"இருப்பாய்வுன்னா என்ன? எல்லாக் கணக்கையும் இடது பக்கம், வலது பக்கம்னு பிரிச்சு எழுதறோம். ரெண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒண்ணா வரணும். வந்தா டேலி. இதுக்கு ஏன் இவ்வளவு பாடு படுத்தறீங்க? தம்பி, உங்க பேப்பர்ல இடது பக்கமும் வலது பக்கமும் முகம் கொடுத்துப் பேசிக்கிறதே இல்லையா?"

"கூட்டுக் குடும்பம் சார். சண்டை கொஞ்சம் முத்திப்போச்சு" என்றான் கொழுந்தன்.

தையல்கடை அக்கா களுக்கென்று சிரித்தாள். அவள் மட்டும்தான் பாஸ். டிரைவர் ஃபெயில். ஐஸ் கம்பெனி அம்மா ஃபெயில். நர்சரி அய்யாவுக்கு முட்டை.

"எனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல வராது சார்" என்று அய்யா தலையைச் சொறிந்தார். விரிவுரையாளர் பெருமூச்சு விட்டு, தாள்களை மறுபடி வாங்கி அடுக்கிக்கொண்டார்.

வகுப்பு முடிந்து ஐஸ் கம்பெனி அம்மாவை வழியனுப்பியதும் கொழுந்தன் செய்த முதல் வேலை, டிரைவரைப் பின்தொடர்ந்தது. அவர் நேரே தன் டாக்ஸிக்குப் போய்க் கதவில் சாய்ந்து நின்று வாசலையே வெறித்தார். தூணுக்குப் பின்னால் நின்று இவன் அவரை வெறித்தான். அண்ணியின் ஸ்கூட்டர் வந்து நின்றபோது முதல் தூறல் விழுந்தது.

"அந்த அம்மா எங்க?"

"பத்திரமாக் கிளம்பிட்டாங்க. நர்சரி அய்யா கார்ல. நம்ம ஆள் இங்கதான் நிக்கிறார், பாருங்க. காதுல பென்சில், கண்ணுல கொலைவெறி. வேற என்ன சாட்சி வேணும் அண்ணி?"

"பென்சில் வச்சிருக்கிறவனெல்லாம் கொலைகாரன்னா முதல்ல உன் அண்ணனைத்தான் பிடிக்கணும்." அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நல்லா யோசி. நீ போன்ல சொன்ன அந்தத் தேய்மானப் பாடம் இன்னும் நடத்தவே இல்லையே?"

"இல்லை. அடுத்த வாரம்தான்."

"நடத்தாத பாடத்துல, அந்தம்மாவுக்கு எது எமனோ, சரியா அந்தக் கணக்கைத் தேடிப் பிடிச்சு எழுதியிருக்கான். புதுசாப் படிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் அந்தப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவன். உன்னை விட்டா மிச்சம் நாலு பேர்ல ஒருத்தர் படிக்க வரல, படிக்கிற மாதிரி நடிக்க வந்திருக்காங்க."

"அப்ப தையல்கடை அக்காவா? அவங்கதான் ஃபர்ஸ்ட் மார்க்."

"ஏண்டா, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடிக்க வந்தவன் ஃபர்ஸ்ட் மார்க் வாங்குவானா? ஃபெயிலானவங்க பேப்பரைத்தான் பார்க்கணும். வா."

விரிவுரையாளர் ஓய்வறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அண்ணி தன் அட்டையைக் காட்டி, ஐஸ் கம்பெனி அம்மாவின் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று சொன்னதும் அவர் பதறிப்போய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். அண்ணி மேசைமேல் பரப்பினாள்.

முதலில் கொழுந்தனின் தாள். "கர்மம். உன்னை நம்பித் தைரியமாச் சொல்லலாம், இது நடிப்பு இல்ல."

"நன்றி அண்ணி."

டிரைவரின் தாள். வலது பக்கம் இடது பக்கத்தைவிட எங்கேயோ ஏறிப்போயிருந்தது. அழித்து அழித்துக் காகிதமே ஓட்டையாகியிருந்தது. ஐஸ் கம்பெனி அம்மாவின் தாளில் கூட்டல் கடைசிவரை ஒத்துவராமல், பாதியிலேயே நிறுத்திவிட்டிருந்தார். நான்காவது தாளை எடுத்த அண்ணி அதை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"சார், இதுக்கு ஏன் முட்டை போட்டீங்க?"

"எல்லாமே தப்பும்மா. சம்பளத்தைத் தூக்கி வலது பக்கம் வச்சிருக்கார். செலவு இடது பக்கம்தான் வரணும். முதல் வாரம் நடத்தினது."

"சரி. ஒரு தொகையைத் தப்பான பக்கம் போட்டா ரெண்டு பக்கமும் ஒத்துவராதே? எவ்வளவு வித்தியாசம் வரும்?"

"அதைப்போல ரெண்டு மடங்கு. இந்தப் பக்கம் அவ்வளவு குறையும், அந்தப் பக்கம் அவ்வளவு கூடும்."

"அடியில கூட்டுத்தொகையைப் பாருங்க."

விரிவுரையாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி இறக்கிவிட்டுப் பார்த்தார். "டேலி ஆகுதே!"

"மூலதனத்துல, அந்தச் சம்பளத்தைப்போல ரெண்டு மடங்கைச் சத்தமில்லாமக் குறைச்சிருக்கார். அதனால ஆகுது. இதோ, இங்க வாடகை தப்பு. அதுக்கும் சேர்த்துக் கடன்காரர் கணக்குல ஒரு சரிக்கட்டல். ஒவ்வொரு தப்புக்கும் ஜோடியா இன்னொரு தப்பு. ஒண்ணும் தெரியாதவன் கணக்கு டேலி ஆகவே ஆகாது சார், நம்ம தம்பியைக் கேளுங்க. இவர் வேணும்னேதான் தப்புப் பண்ணியிருக்கார். ஆனா டேலி ஆகாத கணக்குக்குக் கீழே கோடு போட இவர் கை ஒத்துக்கலை. வருஷக்கணக்கா அதே வேலை பார்த்த கை."

"நான் விடையை மட்டும் பார்த்து அடிச்சுட்டே போயிட்டேன்" என்றார் விரிவுரையாளர்.

கொழுந்தன் தாளின் மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தான். முகம் தெரியாத அந்தக் கணக்குக்காரன் இத்தனை நாளும் இதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். டீயைச் சிந்தாமல் ஏந்தி வந்த அந்தக் கைகள் ஞாபகம் வந்தன.

"அண்ணி, அந்தம்மாவை நானே கார் கதவைத் திறந்து ஏத்திவிட்டேன். 'பார்த்துப் போங்க அய்யா'ன்னு சொல்லி வேற அனுப்பினேன்."

ஐஸ் கம்பெனி அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வீட்டு எண்ணில் மகள் எடுத்தாள். "அம்மா இன்னும் வரலையே. கம்பெனிக்குப் போயிட்டு வரேன்னு போன் பண்ணாங்க. கூட வர்ற அய்யா மெஷினைப் பார்க்கணும்னாராம்."

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் ஒரு ஈ காக்கை இருக்காது.

அவர்கள் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தபோது டாக்ஸியின் பின்கதவு திறந்தே இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸ் கம்பெனிதானே? ஏறுங்க" என்றார் டிரைவர். கொழுந்தன் அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க அந்தம்மாவை முறைச்சுட்டே இருந்தீங்களே அண்ணே?"

"யாரு, நானா? அந்தம்மாவை எதுக்கு முறைக்கணும்? பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தேன். கார் பளபளன்னு கழுவியிருக்கு, நம்பர் பிளேட்டுல மட்டும் சேறு. எந்நேரமும் கிளம்பற மாதிரி வெளியே பார்த்தே நிறுத்தறார். வீட்டுல விடறேன்னு ஏத்திட்டு, கம்பெனி ரோட்டுல திரும்பினதையும் பார்த்தேன். நம்ம தொழில்ல இதெல்லாம் கண்ணுல படாமப் போகுமா? ஆனா யார்கிட்டப் போய்ச் சொல்றது? என் மூஞ்சியைப் பார்த்தாலே எல்லாரும் ஒதுங்கிப் போறீங்க."

கொழுந்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் வாழ்நாளில் முதல்முறையாக அவன் வழிநெடுக ஜோக் எதுவும் அடிக்கவில்லை. மழை கண்ணாடியில் சடசடவென்று அறைந்தது. அண்ணி விடாமல் போன் போட்டுக்கொண்டே வந்தாள், கடைசியில் போலீசுக்கும் போட்டாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் அந்தக் கழுவிய கார் நின்றது. பெரிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஈரத் தரை, வரிசை வரிசையாகத் தகர அச்சுகள். வெடித்த இயந்திரம் இருந்த இடத்தில் கரி பிடித்த சுவர். பக்கத்தில் மிச்சமிருந்த சின்ன இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வால்வுக்குக் கீழே ஒரு துணிப்பை. டிரைவர் அதைக் காலால் புரட்டினார். கனமான ஸ்பானர் ஒன்று உருண்டு வெளியே வந்தது.

"செடி வளர்க்கிறவருக்கு இது எதுக்கு?" என்றார் அவர்.

இதுவும் வெடித்தால் இந்த முறையும் உரிமையாளரின் கவனக்குறைவுதான். தாமதமாகிவிட்டது, நம்மால்தான் ஆயிற்று என்றே கொழுந்தன் நினைத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தொப், தொப் என்று கனமான எதன்மேலோ கையால் அடிக்கும் சத்தம். தகர அச்சுகளைத் தாண்டி ஓடினார்கள்.

ஐஸ் கம்பெனி அம்மா ஒரு அச்சைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எதிரே குளிர் அறையின் தடித்த கதவு. குறுக்கே இரும்புப் பட்டை போட்டிருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

"வாங்க மேடம்" என்றார் அவர், வீட்டுக்கு வந்தவர்களை அழைப்பது மாதிரி. "இந்த இடத்துக்கு வந்ததே இல்லைன்னு கார்ல சொல்லிட்டே வந்தார். இருட்டா இருக்கு, லைட் போடறேன்னு சொன்னேன். நான் நகர்றதுக்கு முன்னாடி அவர் கை அந்தத் தூணுக்குப் பின்னாடி போய் சுவிட்சைப் போட்டுடுச்சு. தெரியாதவங்க தேடினாலும் கிடைக்காத சுவிட்ச் அது. அப்புறம் நான் ஒண்ணும் காட்டிக்கலை. ஐஸ் அடுக்கி வச்சிருக்கோம், உள்ள போய்ப் பாருங்கன்னேன். போனார்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"ஆச்சு கொஞ்ச நேரம். முதல்ல சத்தமா அடிச்சார். இப்பக் குறைஞ்சுட்டு வருது."

"பட்டையை எடுங்கம்மா. போலீஸ் வந்துட்டிருக்கு."

"மாட்டேன்." அவர் குரல் உயரவே இல்லை. "இந்தப் பக்கம் என் புருஷன் போயிட்டார். அந்தப் பக்கம் ஒண்ணுமே போகலையே மேடம். எனக்கு எப்படி டேலி ஆகும்?"

டிரைவர் கதவை நோக்கி ஓரடி வைத்தார். அந்த அம்மா எழுந்து பட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். அண்ணி கையை உயர்த்தி டிரைவரை நிறுத்தினாள்.

உள்ளிருந்து குழறலாகக் குரல் வந்தது. "அவர் தூங்கலை! அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன்! திற, சொல்றேன்!"

அந்த அம்மாவின் முகம் மாறியது. "பொய்" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அண்ணி. "பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு நடந்ததைச் சொல்ல இந்த உலகத்துல இருக்கிறது அந்த ஒரே வாய்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல அதுவும் மூடிக்கும். நீங்க இவ்வளவு நாள் விழுந்து விழுந்து படிச்சது இவனைக் கொல்றதுக்கா, தெரிஞ்சுக்கிறதுக்கா? எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் உங்க கையைப் பிடிக்க மாட்டேன்."

சின்ன இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. உள்ளே அடிக்கும் சத்தம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா பட்டையைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது தரையில் விழுந்து கணீரென்றது.

வெண்புகையோடு நர்சரி அய்யா முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தார். புருவத்திலும் மீசையிலும் பனி. டிரைவர் வாசல் பக்கம் போய் வழியை மறித்து நின்றார், அதற்கு அவசியமே இல்லை. அந்த ஆளால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

"சொல்லு" என்றார் ஐஸ் கம்பெனி அம்மா.

"அது பழைய டேங்க்." பற்கள் அடித்துக்கொண்டன. "பெயின்ட் அடிச்சுக் கொடுத்தாங்க. புதுசுன்னு நான்தான் எழுதினேன். மிச்சப் பணத்தை நான் எடுத்துக்கிட்டேன். அவருக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி கேஸ் கசியுதுன்னு எனக்குப் போன் பண்ணார். 'புதுசுதானே, ஏன் கசியுது'ன்னு கேட்டார். வந்தேன். பார்த்ததும் பயந்துபோய் உண்மையைச் சொல்லிட்டேன். என்னை ஒரு அடிகூட அடிக்கலை."

"அப்புறம்?"

"ஓடிடலாம்னு கூப்பிட்டேன். 'பின்னாடி வரிசை வீட்டுல ஆளுங்க குடியிருக்காங்க, குழந்தைங்க இருக்கு'ன்னார். என்னைப் பிடிச்சு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டு, வால்வை மூடப் போனார். மூடிட்டார். அதனாலதான் கேஸ் அந்தப் பக்கம் போகலை. அதுக்கப்புறம்தான் வெடிச்சது." அவர் தலையைத் தரையில் வைத்துக்கொண்டார். "என்னைக் காப்பாத்தினவரைப் பத்தி நான் ஒரு வார்த்தை வெளியே சொல்லலை."

மழைச் சத்தத்துக்கு நடுவே தூரத்தில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஐஸ் கம்பெனி அம்மா அந்த ஆளை அடிப்பார் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அவர் அந்த ஆள் பக்கம் திரும்பக்கூட இல்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். எத்தனையோ முறை அழைத்தும் எடுக்காத அந்தப் போனில் இப்போது அவரே ஒரு எண்ணைப் போட்டார்.

"கண்ணு, அம்மா பேசறேன். அப்பா தூங்கலைடி. முழிச்சுட்டுத்தான் இருந்தார்."

அதற்குமேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு போனைக் கொழுந்தனிடம் நீட்டினார். மறுமுனையில் அந்தப் பெண் "அம்மா, நிஜமாவா? அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நிஜம்தாம்மா" என்றான் கொழுந்தன்.